வேலுநாச்சியார் ஊர்வலத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

சிவகங்கை ஊர்மக்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஜனவரி 3 அன்று ராணி வேலுநாச்சியார் பிறந்தநாள் ஊர்வலம் அரண்மனை வாசலில் கிளம்பி, சூரக்குளம் மணிமண்டபத்தில் மாலை சாத்தி நல்லபடியாக நிறைவடைந்தது. மேடையில் நேரம் இல்லாததால் பொதுப்படையாக நன்றி சொல்லி முடித்துவிட்டோம். அது போதாது என்று குழுவில் எல்லோருக்கும் மனக்குறை. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, பெண்பிள்ளைகளை அனுப்பிவைத்த பெற்றோருக்கு. இந்த முறை முன்வரிசையில் பெண்கள் மட்டுமே நடக்க வேண்டும் என்று முடிவெடுத்தோம். அரையாண்டு விடுமுறையில், மார்கழிப் பனியில், விடியுமுன்னே பிள்ளைகளை எழுப்பிச் சிலம்பப் பயிற்சிக்குக் கூட்டிவந்தீர்கள். பயிற்சி முடியும்வரை மைதானத்தின் ஓரத்தில் காத்திருந்தீர்கள். கடைசி நாட்களில் சில அம்மாக்களே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கம்பெடுத்து இறங்கியதைப் பார்த்தபோது எங்களுக்குப் பேச்சே வரவில்லை. சம்பளம் என்ற பேச்சையே எடுக்கவிடாத ஆசானுக்கு எங்கள் வணக்கம்.

அந்தப் பிள்ளைகள் உடையாள் பெயரில் நடந்தார்கள். ராணி போன வழியைக் காட்டிக்கொடுக்க மறுத்து வெட்டுப்பட்டவள் உடையாள் என்பதும், அவளுக்காக ராணி தன் தாலியையே காணிக்கையாக்கினார் என்பதும், கொல்லங்குடி வெட்டுடையார் காளி கோயிலுக்குப் போய்வரும் எல்லோரும் கேட்டு வளர்ந்த வரலாறு. ராணியின் படையில் இருந்த குயிலியின் காட்சிக்கு நிஜத் தீப்பந்தம் வேண்டாம், சிவப்பும் மஞ்சளுமாகத் துணியிலேயே தீயைக் காட்டலாம் என்று யோசனை சொன்ன தீயணைப்பு வீரர்களுக்கும், அந்தத் துணியை ராத்திரி முழுக்கத் தைத்துக் கொடுத்த தையல்கார அக்காவுக்கும் நன்றி. உடம்பெல்லாம் தீயோடு ஆயுதக் கிடங்கில் குயிலி குதித்தாள் என்று ஊர் சொல்லும் அதே அரண்மனையின் வாசலில், அந்தத் துணி விரிந்த நேரம் கூட்டத்தில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

வளரி என்னும் எறி ஆயுதத்தைச் செய்து கொடுத்த தச்சரை விட்டுவிட முடியாது. அட்டையில் வெட்டி வண்ணம் அடித்தால் போதும் என்றுதான் நாங்கள் கேட்டோம். "மருதிருவர் கையில் இருந்த ஆயுதம், அதை அட்டையில் செய்யலாமா?" என்று கேட்டு, ஒரு முனை கனத்து மறுமுனை மெலிந்த அந்த வளைவு பிசகாமல் மரத்திலேயே இழைத்துத் தந்தார். கூலியில் பாதிதான் வாங்கிக்கொண்டார்.

வழியில் நன்னாரி சர்பத்தோடு வரவேற்ற ஜமாத் பெரியவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 1772இல் காளையார்கோவில் போரில் கணவர் முத்துவடுகநாதர் வீழ்ந்த பிறகு, மகள் வெள்ளச்சியோடு விருப்பாட்சிப் பாளையத்தில் தங்கியிருந்தார் ராணி. ஹைதர் அலியிடம் உருதுவிலேயே பேசிப் படையுதவி கேட்டார். அந்த உதவியும் மருது சகோதரர்களின் துணையும் சேர்ந்துதான் 1780இல் சீமையை மீட்டுக் கொடுத்தன. அதை நினைவுபடுத்தி உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவர் உருதுவில் ராணிக்கு வாழ்த்துப் படித்தது நாங்கள் கேட்காமலே கிடைத்த கொடை. அடுத்த ஆண்டு அது நிகழ்ச்சி நிரலிலேயே இருக்கும்.

குதிரை மிரளும் என்பதற்காக வெடியைக் கைவிட்ட இளைஞர்களே, நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். பெரிய மனசு உங்களுக்கு. மணிமண்டபம் வரை அடி ஓயாமல் அடித்த பறைக் கலைஞர்கள், பேருந்துகளை மாற்றுப்பாதையில் திருப்பிவிட்ட காவலர்கள், தண்ணீரும் மோரும் கொடுத்த கடைக்காரர்கள், கால் சுளுக்கிய பிள்ளைக்குக் கட்டுப் போட்ட செவிலியர் எல்லோருக்கும் நன்றி.

ஊர்வலம் கடந்த பிறகு வந்தவர்கள் தூய்மைப் பணியாளர்கள். பூவும் காகிதக் குவளையுமாகக் கிடந்த சாலையை அன்றிரவே கூட்டி முடித்துவிட்டார்கள். கூட்டம் கலைந்துவிட்டதால் அவர்களுக்குக் கைதட்ட அங்கே ஆள் இல்லை. அடுத்த ஆண்டு மணிமண்டபத்தில் முதல் மரியாதை அவர்களுக்கே என்று குழு முடிவு செய்திருக்கிறது.

வரவு செலவுக் கணக்கைப் பொங்கலுக்கு முன்பே எழுதி ஒட்டிவிடுகிறோம். மிஞ்சும் தொகையில் பிள்ளைகளுக்குச் சொந்தமாகச் சிலம்பக் கம்புகள் வாங்கலாம் என்று எண்ணம். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் குழுவில் யாரிடமும் சொல்லலாம். ஊர்வலத்தில் தவறவிட்ட ஒற்றைக் கொலுசும் இரண்டு சாப்பாட்டுத் தூக்கும் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. உரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
ஊர்வலக் குழுவினர்,
சிவகங்கை