மீனாவுக்கு: லைசென்ஸ் இன்னும் கைவிட்டுப் போகவில்லை

ஜாக்சன்வில்,
பிப்ரவரி 2026

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்தது. அம்மா இப்போது வாக்கர் இல்லாமலேயே வாசல்வரை நடக்கிறார்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திருச்சியில் கூடவே இருந்தாயே, அதற்குப் பலன் கிடைத்துவிட்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவன் கெய்ன்ஸ்வில்லில் இரண்டாம் வருஷம் படிக்கிறான்.

இனி நீ கேட்ட விஷயம்: புதுப்பிக்காமல் விட்ட லைசென்ஸை மறுபடி எடுக்க முடியுமா? ஃபுளோரிடாவில் நர்சிங் ஹோம் அட்மினிஸ்ட்ரேட்டர் (முதியோர் பராமரிப்பு இல்லத்தின் நிர்வாகி) லைசென்ஸ் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, இரட்டைப்படை ஆண்டின் செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடிகிறது. நீ 2024 செப்டம்பரில் புதுப்பிக்கவில்லை. அதனால் கெடு முடிந்த மறுநாளே அது 'டிலிங்க்வென்ட்' (கெடு தவறியது) ஆகிவிட்டது. அது ரத்து இல்லை. அடுத்த இரண்டு வருஷச் சுழற்சி முடியும்வரை, அதாவது இந்த வருஷம் செப்டம்பர் 30 வரை, உனக்கு வழி திறந்திருக்கிறது. அதற்குள் 'ஆக்டிவ்' (வேலை பார்க்கலாம்) அல்லது 'இன்ஆக்டிவ்' (லைசென்ஸ் இருக்கும், வேலை பார்க்க முடியாது) நிலைக்கு மாற்ற நீயாகவே விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் யாரும் உத்தரவு போடாமலே லைசென்ஸ் செல்லாததாகிவிடும். பிறகு நீ புது விண்ணப்பதாரர். தகுதியை எல்லாம் முதலிலிருந்து நிரூபிக்க வேண்டியிருக்கும்.  போர்டு (லைசென்ஸ் கொடுக்கும் மாநில வாரியம்) கருணை காட்டும் என்று நம்பி உட்காராதே. 

நோட்டீஸே வரவில்லை என்று எழுதியிருந்தாய். பதிவில் உள்ள முகவரிக்குத் தபால் அனுப்பினாலே போதும் என்பதுதான் இங்குள்ள சட்டம். முகவரி மாறினால் தெரிவிப்பது நம் பொறுப்பு. ஆகவே முதலில் மாநிலச் சுகாதாரத் துறையின் லைசென்ஸ் தளமான எம்கியூஏ ஆன்லைன் சர்வீசஸில் நுழைந்து முகவரியையும் மின்னஞ்சலையும் மாற்று.

அடுத்தது சிஇ, அதாவது தொடர்கல்வி மணிநேரம். ஆள் மாட்டிக்கொள்வது இதில்தான். ஒரு சுழற்சிக்கு 40 மணி. டிலிங்க்வென்டாக இருந்த காலத்துக்கும் ஆக்டிவாக இருப்பவர் எடுக்க வேண்டிய அதே மணிநேரம் உண்டு. "வேலையே பார்க்கவில்லையே" என்ற வாதம் எடுபடாது. எடுத்த வகுப்புகளைப் பதிவு செய்யும் தளமான சிஇ ப்ரோக்கரில் உன் 2022–24 கணக்கைத் திறந்து பார். அதில் எதுவுமே இல்லையென்றால் மொத்தம் 80 மணி ஆகும். இப்போது லைசென்ஸை உயிர்ப்பித்தாலும் அது செப்டம்பர் 30 வரைதான் செல்லும். உடனே 2026–28-க்குப் புதுப்பித்தாக வேண்டும். ஒரே சான்றிதழை இரண்டு சுழற்சியிலும் காட்ட முடியாது. இப்போது எடுக்கும் வகுப்பு எந்தச் சுழற்சியில் ஏறும் என்று போர்டு அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் கேள். போனில் வாங்கிய பதில் பின்னால் உதவாது.

நாப் (அட்மினிஸ்ட்ரேட்டர் போர்டுகளின் தேசியக் கூட்டமைப்பு) அங்கீகரித்த வகுப்பு என்றால் சான்றிதழில் நீளமான அனுமதி எண் இருக்கும்: தேதி, மணிநேரம், வகுப்பு எண், கடைசியில் 'டிஎல்' என்றிருந்தால் தொலைவழி. நாப் பதிவேட்டில் வந்துவிட்டதால் சிஇ ப்ரோக்கரிலும் வந்துவிட்டது என்று நினைக்காதே, இரண்டும் வேறு. வகுப்பு நடத்தியவர் ஏற்றவில்லை என்றால் சான்றிதழை ஸ்கேன் செய்து நீயே ஏற்று. புதுப்பிக்கும்போது கணினி சிஇ ப்ரோக்கர் கணக்கைத்தான் பார்க்கும். மருத்துவப் பிழைத் தடுப்பு பற்றிய 2 மணி வகுப்பையும் மறக்காதே.

நீ இந்தியாவில் இருந்தபோது வந்த மாற்றம் ஒன்று. 2025 ஜூலை 1-க்குப் பிறகு வரும் முதல் புதுப்பிப்பில், ஏற்கெனவே லைசென்ஸ் உள்ளவர்களும் கைரேகை கொடுத்துப் பின்னணிச் சோதனையை முடிக்க வேண்டும். லைவ்ஸ்கேன் (மின்னணுக் கைரேகை) மையத்தில் நம் தொழிலுக்கான ஓஆர்ஐ எண்ணைச் சொல்ல வேண்டும்; முடிவு யாருக்குப் போக வேண்டும் என்று காட்டுவது அதுதான். அதைப் போர்டு தளத்திலிருந்து அச்செடுத்துக் கையில் கொண்டுபோ. எண் தவறினால் முடிவு வேறெங்கோ போய் நிற்கும், காசும் போச்சு. சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் விடாமல் கொடு, அதை வைத்துத்தான் உன் பதிவோடு பொருத்துகிறார்கள். பெயரில்தான் நம்மவர்களுக்குச் சிக்கல்: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக விரிந்திருக்கும், பழைய சான்றிதழில் வெறும் இனிஷியல் இருக்கும். லைசென்ஸில் இருக்கும் பெயரையே எல்லா இடத்திலும் எழுது. உள்ளே போகுமுன் கைக்கு லோஷன் தடவாதே, ரேகை தெளிவாக விழாவிட்டால் நிராகரித்துத் திரும்ப வரச் சொல்வார்கள்.

இப்போது எனக்குக் கவலை தருவது நீ கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருந்த வரி. அடுத்த மாதமே அட்மினிஸ்ட்ரேட்டராகச் சேரச் சொல்கிறார்கள், லைசென்ஸ் வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம் என்கிறார்கள், இல்லையா? தயவுசெய்து சேராதே. டிலிங்க்வென்ட் லைசென்ஸோடு 12 மாதத்துக்குள் வேலை பார்த்தாலே அது முதல்நிலை மிஸ்டிமீனர் (சிறு குற்றம்). குறைந்தபட்சத் தண்டனை 30 நாள் சிறையும் 500 டாலர் அபராதமும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. 12 மாதமோ அதற்கு மேலோ ஆகிவிட்டால் ஃபெலனி (பெருங்குற்றம்). விசிட்டிங் கார்டிலும் மின்னஞ்சல் கையொப்பத்திலும் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று போட்டுக்கொண்டாலே அந்தத் தொழில் செய்வதாகக் கொள்ள இடமுண்டு. நிறுவனத்துக்கும் நல்லதில்லை: ஆய்வுக்கு வருபவர்கள் நிர்வாகக் குழு லைசென்ஸ் உள்ளவரை நியமிக்கவில்லை என்று எஃப்837 என்ற ஆய்வு விதியின் கீழ் குறை எழுதுவார்கள். லைசென்ஸ் உள்ள அட்மினிஸ்ட்ரேட்டர் கட்டாயம் என்பதை 1967-இல் மத்தியச் சட்டத்தில் கொண்டுவந்ததே, அந்தக் கட்டடத்தில் படுத்திருக்கும் முதியவர்களுக்குப் பொறுப்பேற்க ஒரு ஆள் வேண்டும் என்பதற்காகத்தான். அவசரம் என்றால் வேறொரு லைசென்ஸ் உள்ளவரை இடைக்காலத்துக்கு அவர்களே போட்டுக்கொள்ளட்டும்.

உடனே வேலைக்குப் போகும் எண்ணம் இல்லையென்றால் இன்ஆக்டிவ் நிலை ஒரு நல்ல ஏற்பாடு. கட்டணம் உண்டு, ஆனால் லைசென்ஸ் கையை விட்டுப் போகாது. திரும்ப ஆக்டிவ் ஆகும்போது விட்டுப்போன சுழற்சிகளுக்கெல்லாம் சிஇ எடுக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு சுழற்சிக்கு மேல் இருந்துவிட்டால் போர்டு கூடுதல் நிபந்தனையும் போடலாம். உன்னைப் போல் வேலைக்குத் திரும்பப் போகிறவளுக்கு ஆக்டிவாக எடுப்பதே சரி என்பது என் அபிப்பிராயம்.

இந்த வாரமே சிஇ ப்ரோக்கர் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. எந்தெந்த வகுப்பு மீதி என்று சேர்ந்தே பார்த்துவிடலாம். லைவ்ஸ்கேன் முடிந்ததும் ரசீதில் இருக்கும் டிசிஎன் என்ற பரிவர்த்தனை எண்ணைப் பத்திரமாக வை. முடிவு வராமல் தாமதித்தால் அதைக் கொண்டுதான் தேடுவார்கள்.

அன்புடன்,
கலா