மூன்று மாதக் கூலியைக் கேட்டு எங்கள் சபைக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போதகர் ஐயா அவர்களுக்கும், கமிட்டி உறுப்பினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

விஷயம் உங்களுக்குத் தெரியும். செயலரிடம் இரண்டு முறை நேரில் சொன்னேன். பொருளாளருக்கு வாட்ஸ்அப்பிலும் எழுதினேன். "அடுத்த கமிட்டியில பேசிடலாம் சிஸ்டர்" என்றீர்கள். அந்தக் கமிட்டியும் கூடிக் கலைந்துவிட்டது. நம் கோயில் வளாகத்தைக் கூட்டும் அம்மாவுக்கு ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மாதச் சம்பளம் இன்னும் போகவில்லை. மாதம் 6,000 ரூபாய். மொத்தம் 18,000. தயவுசெய்து அதைக் கொடுத்துவிடுங்கள்.

போன வாரம் அவர் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, ஞாயிறு பள்ளி முடிந்ததும் ரயில்வே லைன் ஓரத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. கேஸ் அடுப்புக்கு மேலே ஆணியில் நம் சபையின் வசன காலண்டர் தொங்கியது, புத்தாண்டு ஆராதனைக்கு வந்தவர்களுக்கெல்லாம் நாம் கொடுத்தது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நாள் கணக்குத் தெரியும். வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் அந்தத் தேதியில் கண் மையால் ஒரு பொட்டு வைத்திருந்தார். ஆகஸ்ட் தாளைப் புரட்டிக் காட்டினார். 27 பொட்டு. செப்டம்பரில் 26. பண்டிகை வந்த அக்டோபரில் ஒரு நாள்கூட விடவில்லை.

"மேல பெருசா என்னம்மா எழுதியிருக்கு?" என்று கேட்டார். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று படித்தேன். "நான் தாழ்ச்சியடையேன்" என்ற மீதியைப் படிக்க எனக்கு வாய் வரவில்லை. அடுப்பில் சிலிண்டர் தீர்ந்து நாலு நாள் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டில் சோறு வடித்து வாங்கியிருக்கிறார். கையெல்லாம் கீறல். விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்குத் தூணுக்குத் தூண் கரும்பு கட்டினோமே, மறுநாள் விடியற்காலையில் அந்தச் சோகையை எல்லாம் அள்ளிப் போட்டவர் அவர்தான். அது அறுத்த கை.

அதே பண்டிகையில் நாம் ஒரு கேக்கை 14,000 ரூபாய்க்கு ஏலம் விட்டோம். நானும் கை தட்டினேன்.

புதிய கமிட்டி வந்தபின் வங்கியில் கையெழுத்து மாறவில்லை, காசோலை போட முடியாது என்கிறீர்கள். சரி. ஷாமியானா போட்டவருக்கும் மைக் செட்காரருக்கும் அன்று சாயங்காலமே ரொக்கமாக எண்ணிக் கொடுத்தீர்களே, அது எப்படி முடிந்தது? அவர்கள் குரலை உயர்த்திக் கேட்பார்கள், இவர் கேட்கமாட்டார். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. 1936ஆம் ஆண்டு, வெள்ளைக்காரர் காலத்தில் வந்த ஊதியச் சட்டமே, ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் தொழிற்சாலைக்கு மறு மாதம் 7ஆம் தேதி வரைதான் கெடு கொடுத்தது. நம் வேதம் அந்த அளவுகூடக் கொடுக்கவில்லை. ஏழையின் கூலியைப் பொழுது போகுமுன்னே கொடுத்துவிடு, அவன் அதையே நம்பியிருக்கிறான் என்கிறது உபாகமம் 24ஆம் அதிகாரம். இங்கே மூன்று மாதப் பொழுது போய்விட்டது.

அந்த அம்மா நம் சபை இல்லை. கழுத்தில் மாரியம்மன் டாலர் போட்டிருப்பவர். உள்ளே உட்கார்ந்து ஒரு பிரசங்கமும் கேட்டதில்லை. அவருக்குத் தெரிந்த கிறிஸ்தவர்கள் நாம்தான். ராயபுரத்து மக்களுக்கு அப்படித் தெரிந்தவர் டாக்டர் மாட்டில்டா மெக்ஃபெயில். 1888இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்து ஏழைப் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். அது வளர்ந்துதான் ரெய்னி ஆஸ்பத்திரி. என் அம்மா பிறந்தது அங்கேதான். "அந்த வெள்ளைக்கார டாக்டரம்மா" என்று பாட்டி கையெடுத்துக் கும்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். பாட்டி அப்போது கிறிஸ்தவர்கூட இல்லை. நாமோ ஊருக்குச் சாட்சி சொல்ல சிக்னல் சிக்னலாகக் கைப்பிரதி கொடுக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை வந்தால், பின் கண்ணாடியில் வசனம் ஒட்டிய கார்களை எதிர்வீட்டுக் கேட்டை அடைத்து நிறுத்துகிறோம். அந்த வீட்டுப் பெரியவரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக வந்த ஆட்டோ தெருமுனையிலேயே நின்றது. அவரை மகன் தோளில் தாங்கி நடத்திக்கொண்டு போனதை நம்மில் எத்தனை பேர் பார்த்தோம்? பார்த்துவிட்டு உள்ளே போய், "உங்கள் வெளிச்சம் மனுஷர் முன்பாகப் பிரகாசிக்கக்கடவது" என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் நான். அதற்கு மறுவாரமே அந்தக் காலண்டரைப் பார்த்தேன்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். கார் விஷயத்தைத் தனியாகப் பேசலாம். இப்போது நான் கேட்பது கூலியை மட்டும்தான்.

வருகிற ஞாயிறு காணிக்கை எடுப்பதற்கு முன்பாக அந்த 18,000 ரூபாயைக் கொடுத்துவிடுங்கள். இனி ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் சம்பளம் என்று கமிட்டியில் தீர்மானம் எழுதுங்கள். யாரிடமாவது கொடுத்தனுப்ப வேண்டாம். செயலரோ பொருளாளரோ நேரில் கொடுத்து, தாமதத்துக்கு ஒரு வார்த்தை வருத்தம் சொன்னால் நன்றாக இருக்கும். ஐயா, நீங்களே கொடுத்தால் இன்னும் சந்தோஷப்படுவேன்.

காய்ச்சல் விட்டு இந்தத் திங்களிலிருந்து அவர் வேலைக்கு வருகிறார். காலை ஐந்தரையிலிருந்து எட்டு மணி வரை வளாகத்தில்தான் இருப்பார்.

இப்படிக்கு,
சபை அங்கத்தினரும் ஞாயிறு பள்ளி ஆசிரியையுமான ஒரு சகோதரி
சென்னை