சிரிக்கட்டும், விளம்பரத்தை மட்டும் தனியே சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலக் கிறிஸ்தவ பாட்காஸ்ட்களை, அதாவது இணையத்தில் வேண்டும்போது கேட்கிற ஒலி நிகழ்ச்சிகளைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையையும், அடுத்த இதழில் அதற்கு வந்த கடிதங்களையும் படித்தேன். கடிதம் எழுதியவர்களில் பெரும்பாலோர் ஒரே குறையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்: அரட்டை அதிகம், வேதம் குறைவு. அமெரிக்காவில் இந்த நிகழ்ச்சிகளைக் கேட்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். ஒருவருக்கு அது சிநேகிதிகளோடு உட்கார்ந்து பேசியதுபோல் இருக்கிறது. இன்னொருவருக்கு விஷயத்துக்கே வராமல் அரை மணி நேரம் வீணாய்ப் போனதுபோல் இருக்கிறது. நான் முதல் கட்சி. ஆனால் என் கட்சிக்காரர்கள் பேசாமல் விட்டுவிடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

மெலனி ஷாங்கிளும் சோஃபி ஹட்சனும் நடத்தும் ‘பிக் பூ காஸ்ட்’டையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் டெக்சாஸ், மற்றவர் அலபாமா. இருவருமே வலைப்பதிவு எழுதிப் பெயர் வாங்கியவர்கள். துணிமணி, சாப்பாடு, டிவி தொடர், பிள்ளைகள், அப்புறம் கல்லூரி ஃபுட்பால் என்று பேச்சு அதன் போக்கில் போகும். அந்த ஃபுட்பால் நமக்குப் பிடிபடாது. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம் அது. இருந்தாலும் கேட்க முடிகிறது. இந்தப் பேச்சுக்கு நடுவே ஜெபமோ சபையோ வரும்போது, ‘இனி ஆவிக்குரிய பகுதி’ என்று யாரும் அறிவிப்பதில்லை. பேசுகிறவர்களின் வாழ்க்கையில் அது எங்கே இருக்கிறதோ அங்கேயே பேச்சிலும் வந்து போகிறது. நாஷ்வில்லிலிருந்து ஆனி எஃப். டவுன்ஸ் 2014 முதல் நடத்தும் ‘தட் சவுண்ட்ஸ் ஃபன்’ இன்னொரு மாதிரி. வருகிற விருந்தினர் என்ன கனமான விஷயம் பேசியிருந்தாலும் சரி, கடைசியில் அவரிடம் ‘உங்களுக்கு எது ஜாலியாக இருக்கும்?’ என்று கேட்டுவிடுவார்.

இதைத்தான் உங்கள் வாசகர் ஒருவர் எபேசியர் 5:4 காட்டிக் கண்டித்திருந்தார். “வம்பும், புத்தியீனமான பேச்சும், பரியாசமும் தகாதவைகள்” என்ற வசனம். அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வேசித்தனம், அசுத்தம், பொருளாசை ஆகியவற்றின் பெயர்கூட உங்களுக்குள் சொல்லப்படக் கூடாது என்கிறார் பவுல். அங்கே கண்டிக்கப்படுவது அசிங்கப் பேச்சு. இரண்டு பெண்கள் தங்கள் வீட்டு நாய் செய்த சேட்டையைச் சொல்லிச் சிரிப்பது அந்தக் கணக்கில் வராது. முதிர்வயதில் பிள்ளை பெற்ற சாராள், “தேவன் என்னை நகைக்கப்பண்ணினார், இதைக் கேட்கிற யாவரும் என்னோடேகூட நகைப்பார்கள்” என்று சொன்னதும் இதே வேதத்தில்தான் இருக்கிறது.

சிரிப்பு மேல்நாட்டிலிருந்து இப்போது வந்த பழக்கம் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். தேம்பாவணியைப் பாடிய வீரமாமுனிவர்தான் பரமார்த்த குருவையும் நமக்குக் கொடுத்தார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை விட்டுப் பார்த்தவர்கள். அதை எழுதியவர் ஒரு சேசு சபைக் குரு. எழுதியது 18-ஆம் நூற்றாண்டில். தமிழ்க் கிறிஸ்தவத்துக்கு நகைச்சுவை அந்நியம் என்று சொல்ல முடியாது.

அரட்டைக்கு நான் ஏன் இவ்வளவு வக்காலத்து வாங்குகிறேன் என்றால், அது என்ன செய்யும் என்று பார்த்திருக்கிறேன். எங்கள் சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ‘ஜெபக் குறிப்பு இருந்தா சொல்லுங்க’ என்று கேட்டால் மழைக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக என்று வழக்கமானவைதான் வரும். கூட்டம் முடிந்து, டீ குடித்து, ஜமுக்காளத்தை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துச் சுருட்டும்போதுதான் ஒரு அக்கா தன் மருமகள் யூடியூப் பார்த்து மீன்குழம்பு வைத்த கதையை ஆரம்பிப்பார். புளி கரைக்க மறந்து, கடைசியில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து விட்டாளாம். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். சிரிப்பு அடங்குகிற இடத்தில், ‘அவளுக்கு இந்தத் தடவையும் தங்கல, பாத்துக்கோங்க’ என்று அதே அக்காவின் குரல் இறங்கும். ஜமுக்காளத்தை அப்படியே வைத்துவிட்டு நின்ற இடத்திலேயே ஜெபிப்போம். அந்தக் குறிப்பு கூட்டத்துக்குள் ஒருநாளும் வந்திருக்காது. சிரிப்பு முன்னால் வந்ததால்தான் அது பின்னால் வர முடிந்தது. நல்ல பாட்காஸ்டிலும் இதுதான் நடக்கிறது. சபையில் ஒட்ட முடியாமல் தனியாக நிற்கிற எத்தனையோ பெண்களுக்கு வாரம் ஒருமுறை காதில் விழுகிற ஐக்கியம் இது ஒன்றுதான்.

இவ்வளவு நம்பிக்கையோடு கேட்கிற குரல் என்பதால்தான் விளம்பரத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

டிவியில் விளம்பரம் வந்தால் தெரியும். பாட்டு மாறும், முகம் மாறும். பாட்காஸ்டில் பெரும்பாலும் நிகழ்ச்சி நடத்துகிறவரே விளம்பரத்தையும் வாசிக்கிறார். அதே குரல், அதே சிரிப்பு, அதே ‘உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்’. ஒரு நிமிஷம் முன்னால் அம்மாவின் உடம்புக்காகக் கலங்கிய குரல், இப்போது காலையில் குடிக்கிற சத்துப் பொடியைப் பற்றி, மெத்தையைப் பற்றி, நிகழ்ச்சியின் பெயரைச் சொன்னால் கிடைக்கும் தள்ளுபடியைப் பற்றி அதே நெருக்கத்தோடு பேசுகிறது. எது சாட்சி, எது வியாபாரம் என்று கேட்கிறவருக்குப் பிரியவில்லை. பிரியாமல் இருப்பதுதான் விளம்பரதாரருக்கு லாபம். அதற்குத்தான் அவர் காசு கொடுக்கிறார்.

இது வெறும் ரசனைக் குறை அல்ல. அமெரிக்க பாட்காஸ்ட்களில் அடிக்கடி காதில் விழுந்த பெயர்களில் ஒன்று பெட்டர்ஹெல்ப், இணையம் வழியாக மனநல ஆலோசனை தரும் நிறுவனம். கிறிஸ்தவர்களுக்கென்றே ‘ஃபெய்த்ஃபுல் கவுன்சலிங்’ என்ற சேவையையும் நடத்தியது. ஆலோசனை கேட்டு வந்தவர்களின் அந்தரங்க விவரங்களை ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற நிறுவனங்களுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்தது என்று அமெரிக்காவில் நுகர்வோர் நலனைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023-இல் குற்றம் சாட்டியது. நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் 78 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. விளம்பரம் வாசித்தவர்கள் யாருக்கும் இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் மனம் நொந்த ஒரு பெண் எந்தத் தைரியத்தில் அந்தப் படிவத்தை நிரப்பியிருப்பார்? வாராவாரம் கேட்கிற சிநேகிதியே சொல்கிறாரே என்ற தைரியத்தில்தான்.

நம் நாட்டில் இதற்கு வழிமுறை இருக்கிறது. இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒலி ஊடகத்தைப் பற்றித் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள்: விளம்பரம் என்பதைத் தொடக்கத்திலும் முடிவிலும், நடுவில் வரும் ஒவ்வொரு இடைவெளிக்கு முன்னும் பின்னும் வாய்விட்டு அறிவிக்க வேண்டும். தமிழில் இப்போது சபை இளைஞர்கள் மைக் வாங்கி இதே பாணியில் நிகழ்ச்சி தொடங்குகிறார்கள். எனக்கு மனசார சந்தோஷம். அவர்கள் முதல் விளம்பரத்தை ஏற்கும்போதே இந்த வழக்கத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். ஒரு சின்ன மணிச் சத்தம், ‘இது விளம்பரம், இதற்குப் பணம் வாங்கியிருக்கிறோம்’ என்று ஒரு வரி. முடிந்தால் வேறொருவர் குரலில். மருந்து, கடன், முதலீடு, மனநல ஆலோசனை இவற்றுக்கான விளம்பரம் வேண்டவே வேண்டாம்.

காசு இல்லாமல் எப்படி நடத்துவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், எடிட்டிங் செய்கிறவருக்கும் சம்பளம் வேண்டும். விளம்பரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அமெரிக்காவிலேயே வேதத்தை விளக்கும் ‘பைபிள் ப்ராஜெக்ட்’ தன் வீடியோக்களையும் பாட்காஸ்டையும் கேட்பவர்களின் நன்கொடையில்தான் நடத்துகிறது. நம் வீடுகளில் இலங்கை புத்தளத்திலிருந்து வந்த டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ என்ற கிறிஸ்தவ வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள் உண்டு. அந்த நிகழ்ச்சிகள் நம்மிடம் கேட்டது பெரும்பாலும் ஒரு கடிதம்தான். என் பாட்டி போஸ்ட் கார்டு வாங்கி, எழுத்துக் கூட்டி எழுதிப் போடுவார். பதில் வந்தால் தெருவுக்கே காட்டுவார்.

பவுலின் வசனத்தைக் காட்டி எழுதிய வாசகருக்கு ஒரு வார்த்தை. நான்காம் வசனத்தில் உள்ள பரியாசத்தைப் பிடித்துக்கொண்டீர்கள். மூன்றாம் வசனத்தில் பொருளாசையும் இருக்கிறது. அதைப் பற்றியும் ஒரு கடிதம் எழுதுங்கள், நானும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறேன்.

அடுத்த முறை நீங்கள் பாட்காஸ்ட் பட்டியல் வெளியிடும்போது ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இரண்டு தகவல் சேர்த்துத் தாருங்கள்: ஒரு மணி நேரத்தில் விளம்பரம் எத்தனை நிமிடம், அதை விளம்பரம் என்று சொல்லி வாசிக்கிறார்களா இல்லையா. நட்சத்திரம் போடுவதைவிட இது எங்களுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை