கல்லா, மண்ணா?

அன்புள்ள கயல்,

நீ போனில் பேசியதிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. கப்பன் பார்க்கில் 10 கிலோமீட்டர் ஓடினேன் என்றாய். கேட்கச் சந்தோஷம்தான். ஆனால் கிலோமீட்டருக்கு ஏழு நிமிஷம் தாண்டிவிட்டது, வாட்ச் சிவப்பு காட்டுகிறது என்று சொன்னாயே, அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஆறாவதில் கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு வந்து வாசலிலேயே நிற்பாயே, அதே குரல்.

உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். நானும் ஓடுகிறேன். சிரிக்காதே.

போன மாதம் ஒரு ராத்திரி கரண்ட் போய்விட்டது. தெருப் பிள்ளைகள் எல்லாம் வெளியே வந்து கல்லா மண்ணா ஆட ஆரம்பித்தார்கள். ஆள் குறைகிறது, நீங்க வாங்க பாட்டி என்று எதிர்வீட்டுக் குட்டி என் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். வந்த உடனே பிடிக்கிற முறையை என் தலையில் கட்டினார்கள். "மண்ணு" என்றேன். வாசல்படியில் ஏறி நின்ற வாண்டுகள் ஒவ்வொன்றாய் இறங்கி, "உங்க மண்ணுல நிக்கிறேன்" என்று வம்புக்கு இழுத்தன. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு துரத்தினேன் பார். மூச்சு முட்டுகிறது, சிரிப்பும் நிற்கவில்லை. பிடித்தது ஒரே ஒருவனைத்தான், அவனும் செருப்பு கழன்றதால் மாட்டினான். கரண்ட் வந்தபோது, என்னடா வந்துவிட்டதே என்றிருந்தது.

கடைசியாக எப்போது ஓடினேன் என்று அன்றைக்குப் படுத்துக்கொண்டே யோசித்தேன். 1984இல் எனக்கு 14 வயசு. லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் வெண்கலத்தைத் தவறவிட்டார். உன் தாத்தா பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் புலம்பினார். அதற்கு முந்தின வருஷம் நான் வயசுக்கு வந்ததும், இனிமேல் தெருவில் ஓடக்கூடாது என்று சொன்னவரும் அவர்தான். அதில் முரண் இருப்பதாக அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வைத்ததே அந்த வருஷம்தான் என்று நீதானே சொன்னாய். தாத்தாவை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய!

அப்புறம் தினமும் விடியற்காலையில் தெப்பக்குளம். ஒரு கரை 300 மீட்டர் போல இருக்கும். விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓட்டம், பிறகு நடை. நாய் குரைத்தால் கொஞ்சம் கூடுதல் வேகம். முதல் வாரம் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்க முடியவில்லை. அப்பா தண்ணீர்ப் பாட்டிலோடு படிக்கட்டில் உட்கார்ந்து, "விழுந்து வைக்காதே" என்பதை மட்டும் சுற்றுக்கு ஒரு தடவை சொல்கிறார். போன தீபாவளிக்கு நீ வாங்கித் தந்த ஷூதான். சுடிதாருக்கு அது பொருந்தவில்லை என்பது அவர் கருத்து.

உன் பயிற்சி அட்டவணையில் ஃபார்ட்லெக் என்று ஒன்று வருமே, எதிர்வீட்டுப் பையனிடம் தேடிப் பார்க்கச் சொன்னேன். ஸ்வீடன்காரர்கள் வைத்த பெயராம், வேக விளையாட்டு என்று அர்த்தமாம். தோன்றும்போது விரட்டி ஓடுவது, தோன்றும்போது மெல்லப் போவது. அடிப் பாவி, இதைத்தான் நாங்கள் புளியமரத்துக்கும் கிணற்றடிக்கும் நடுவே செய்துகொண்டிருந்தோம்! விளையாட்டு என்று பெயரிலேயே இருப்பதையும் நீ வீட்டுப்பாடமாக்கி வைத்திருக்கிறாய்.

ஓடுவதை விடச் சொல்லவில்லை. போட்டிக்குப் பணம் கட்டிவிட்டாய், ஓடு. வாரத்தில் ஒரு நாள் மட்டும் அந்த வாட்சை வீட்டில் வைத்துவிட்டுப் போய்ப் பாரேன். எவ்வளவு தூரம் என்று கேட்டால், அந்தப் பெரிய மூங்கில் புதர் வரைக்கும் என்று எனக்குச் சொல். போதும்.

தீபாவளிக்கு வரும்போது தெப்பக்குளத்தில் உனக்கும் எனக்கும் ஒரு கரை பந்தயம். அப்பாதான் நடுவர். அவர் என் பக்கம்தான் சாய்வார், இப்போதே சொல்லிவிட்டேன்.

முறுக்கு மாவு அரைக்கக் கொடுத்திருக்கிறேன்.

அம்மா