ஈமெயில பாத்துக்க ஆள் வைக்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

நான் கொட்டகலை பக்கம் ஒரு தேயிலத் தோட்டத்துல பொறந்து வளந்தவ, இப்ப நுவரெலியாவுல கெஸ்ட் ஹவுஸும் ரெண்டு வேனும் வச்சு நடத்துற ஒரு முதலாளிகிட்ட நாலு வருஷமா வேல செய்றேன். வேலைக்கு பேரு எக்சிகியூட்டிவ் அசிஸ்டன்ட், ஆனா நாள்ல பாதி நேரம் நான் செய்றது அவரோட ஈமெயில் இன்பாக்ஸ பாத்துக்கிற வேலதான். இத பத்தி பத்திரிகைக்கு எழுத என்ன இருக்குன்னு நெனச்சுதான் இவ்வளவு நாளும் இருந்தேன், போன மாசம் பாத்த ஒரு விஷயம் மனசுலயே கெடக்கு, அதான் எழுதுறேன்.

டவுன்ல ஒரு கொமியுனிகேஷன் கடையில போட்டோகொப்பி எடுக்க நின்னேன். எனக்கு முன்னாடி ஒரு தம்பி, ஏஎல், அதான் ஸ்கூல் கடைசி பரீட்சை, முடிச்ச வயசு இருக்கும், வேலைக்கு போட்டதுக்கு பதில் வந்திருக்கான்னு பாருங்க அண்ணேன்னு கேட்டான். கடைக்கார அண்ணன் மேசைக்கு அடியில இருந்து ஒரு சீஆர் கொப்பிய எடுத்து பக்கத்த பெரட்டி, அதுல இருந்த அவனோட ஈமெயிலையும் பாஸ்வேர்டையும் பாத்து டைப் பண்ணுனாரு. கோடு போட்டு அழகா எழுதியிருக்காரு, பேரு, ஈமெயில், பாஸ்வேர்ட், சில பேருக்கு பக்கத்துல ஐடி நம்பர் கூட. கொப்பி விரிச்சபடியே மேசையில கெடக்கு, நிக்கிற எல்லாருக்கும் தெரியுது. மெயில் வந்திருந்துச்சு. அண்ணன் அத சத்தமா வாசிச்சாரு, தெரிவாகலன்னு. கடையில நின்ன ஆறேழு பேருக்கும் அந்த தம்பி தெரிஞ்சுக்கிற அதே நேரத்துல விஷயம் தெரிஞ்சுபோச்சு. அவன் ஒண்ணும் சொல்லல, அம்பது ரூபாய வச்சிட்டு போயிட்டான்.

அந்த அண்ணன் கெட்டவர் இல்லங்க. ஃபோம் நிரப்பத் தெரியாதவங்களுக்கு காசு வாங்காம நிரப்பிக் குடுக்கிறவரு. ஆனா எங்க ஆளுங்களுக்கு வர்ற கடிதம் மொதல்ல இன்னொருத்தர் கைக்கு போயி, அவரு எப்ப குடுப்பாரோ எப்பிடி குடுப்பாரோ அப்பிடித்தான் நமக்கு வந்து சேரணும்ங்கிறது பழைய கத, அது திரும்பவும் கொம்பியூட்டர்ல ஓடுதேன்னு இருந்துச்சு எனக்கு.

தோட்டத்துல இருந்தவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. நாங்க இருக்கிற வரிசை வீடு, அந்த லயத்துக்கு நம்பர் கெடையாது, அதுல இருக்கிற காம்பராவுக்கு நம்பர் கெடையாது, விலாசம்னா தோட்டத்து பேரும் மேக்கணக்கு கீக்கணக்குன்னு பிரிவும்தான். தபால் பை நேரா ஒபிசுக்கு போகும், கிளார்க் ஐயா பிரிப்பாரு, அப்புறம் வேலைக்கு பேர் எடுக்கிற பெரட்டுக்கு வர்றப்ப யார்கிட்டயாவது குடுத்து விடுவாங்க, இல்லன்னா மேசை லாச்சியில கெடக்கும். எங்க ஆளுங்கள்ல எத்தன பேர் இந்தியாவுக்கு போகணும் எத்தன பேர் இலங்கையில இருக்கணும்னு போட்ட 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் எங்க தாத்தா பிரஜாவுரிமை பேப்பர் வருமா வருமான்னு அந்த ஒபிஸ் வாசல்ல எத்தன நாள் நின்னாருன்னு அப்பா சொல்லுவாரு. அஞ்சு லட்சத்து இருபத்தஞ்சாயிரம் பேர அந்தப் பக்கம் அனுப்பணும் மூணு லட்சம் பேர இந்தப் பக்கம் வைக்கணும்னு மேல கணக்கு போட்டு முடிச்சிட்டாங்க, அதுல தாத்தா எந்தக் கணக்குன்னு சொல்ற கடிதம் ஒபிசுக்குத்தான் வரணும்.

எங்கம்மா ஏஎல் எழுதிட்டு ஆசிரியர் வேலைக்கு போட்டிருந்தாங்க. இன்டர்வியூ திங்கக்கெழம. கடிதம் அம்மா கைக்கு வந்தது அது முடிஞ்ச பிறகு வியாழக்கெழம. கவரோட ஒரு ஓரம் கிழிஞ்சிருந்துச்சாம், முத்திரையில தேதி பத்து நாளைக்கு முந்தினது. யாரும் வேணும்னு செஞ்சதுன்னு அம்மா இன்னைக்கும் சொல்ல மாட்டாங்க, லாச்சியில கெடந்திருக்கும்னுதான் சொல்லுவாங்க. அதுக்கு அப்புறம் அம்மா இருபத்திரெண்டு வருஷம் கொழுந்து பறிச்சாங்க. அந்தக் கவர இன்னும் டிரங்குப் பெட்டியில வச்சிருக்காங்க.

இத ஏன் இவ்வளவு சொல்றேன்னா, இன்னொருத்தரோட கடிதத்த பிரிக்கிற வேல இப்ப என் கையில இருக்கு. அது லேசான வேல இல்லன்னு எனக்கு வீட்டுலயே தெரியும்.

வேலைக்கு சேந்த மொத நாள் எங்க முதலாளி, அவர நான் சேர்னுதான் கூப்பிடுவேன், ஒரு கலண்டர் தாளக் கிழிச்சு பின்பக்கத்துல பாஸ்வேர்ட எழுதிக் குடுத்தாரு, இந்தாம்மா இனிமே நீயே பாத்துக்கன்னாரு. இன்பாக்ஸ்ல படிக்காம ஆயிரத்து எண்ணூறு மெயில். நான் ஒபிஸ் கொம்பியூட்டர்ல போட்டதும் கூகுள் நம்பல, யாரோ புதுசா நொழையிறாங்கன்னு சேரோட போனுக்கு கோட் அனுப்பிருச்சு. சேர் அந்த நேரம் கண்டிக்கு போற வழியில ரம்பொட பக்கம், சிக்னல் இல்ல. ஏப்ரல் சீசன், நாலு ரூம் கேட்டு ஒரு குடும்பம் பதிலுக்கு காத்துக்கிட்டு இருக்கு. சாயங்காலம் அவரு லைன்ல வந்து கோட்ட சொல்றப்ப அவங்க வேற எடத்துல போட்டுட்டாங்க. இன்னொண்ணு, அவரு அதே பாஸ்வேர்டத்தான் பேங்க்குக்கும் பேஸ்புக்குக்கும் ரூம் புக்கிங் சைட்டுக்கும் போட்டிருந்தாரு. அது எனக்கு ஒரு வாரத்துலயே தெரிஞ்சுபோச்சு, தெரிஞ்சதுல இருந்து எனக்குத்தான் பயம், நாளைக்கு ஒரு ரூபா கொறஞ்சாலும் மொத சந்தேகம் யார் மேல வரும்?

அப்புறம்தான் தேடிப் பாத்து பாஸ்வேர்ட் குடுக்காமலே மெயில பாத்துக்க வழி இருக்குன்னு கண்டுபிடிச்சோம். ஜிமெயில்ல கொம்பியூட்டர்ல செட்டிங்ஸ்க்கு போனா அக்கவுண்ட்ஸ்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல உங்க அக்கவுண்ட்டுக்கு வேற ஒருத்தருக்கு அனுமதி குடுக்கிற எடம் இருக்கு, டெலிகேட்னு சொல்லுவாங்க. சேர் என்னோட சொந்த ஜிமெயில் அட்ரஸ அதுல போட்டாரு, எனக்கு ஒரு மெயில் வந்துச்சு, சம்மதிச்சேன், அவ்வளவுதான். அந்த மெயிலுக்கு ஒரு வாரத்துக்குள்ள சம்மதிக்கணும், இல்லன்னா காலாவதி ஆயிரும், சம்மதிச்ச பிறகும் சில நேரம் ஒரு நாள் வரைக்கும் ஆகும் தெரிய. இப்ப நான் என் பாஸ்வேர்ட்ல நொழஞ்சு அவரோட இன்பாக்ஸ தொறக்கலாம், படிக்கலாம், பதில் போடலாம், அழிக்கலாம். அவரோட பாஸ்வேர்ட மாத்த முடியாது, அவரு பேருல சேட் பண்ண முடியாது. நான் வேலைய விட்டுப் போனா அவரு என் பேர எடுத்துவிட்டா போதும், எல்லா எடத்துலயும் பாஸ்வேர்ட் மாத்திக்கிட்டு அலைய வேண்டியதில்ல. சாதாரண அக்கவுண்ட்ல பத்து பேர் வரைக்கும் இப்பிடி போடலாம். கம்பனி அக்கவுண்ட்டா இருந்தா அவுட்லுக்லயும் இதே மாதிரி இருக்கு, அதுல எந்த ஃபோல்டர மட்டும் காட்டணும்னு கூட பிரிச்சுக் குடுக்கலாம், ஜிமெயில்ல அப்பிடி முடியாது, குடுத்தா முழு இன்பாக்ஸும்தான்.

இதுல யாரும் சொல்லிக் குடுக்காத ஒண்ணு இருக்கு. பாஸ்வேர்ட் மறந்துபோச்சுன்னு அமுத்தினா மாத்துறதுக்கான லிங்க் மெயிலுக்குத்தான வருது, மெயில பாக்கிறவ அந்த லிங்க்கையும் பாப்பா. அதனால டெலிகேட் போட்டுட்டோம் இனி பயமில்லன்னு இருந்துற முடியாது. சேர் பேங்க்குக்கு, குடும்ப விஷயத்துக்குன்னு தனியா ஒரு அட்ரஸ் தொடங்குனாரு, அது அவரு போன்ல மட்டும்தான் இருக்கு. அதுவும் ஒரு சம்பவத்துக்கு அப்புறம்தான். ஒரு நாள் காலையில வரிசையா தொறந்துக்கிட்டு வர்றப்ப சேரோட சம்சாரம், எங்க மெடமோட ஆஸ்பத்திரி ரிப்போர்ட் ஒண்ணு வந்திருந்துச்சு. மொத ரெண்டு வரி கண்ணுல பட்டுருச்சு. மூடிட்டேன். படிக்காதது மாதிரி மறுபடி போல்ட் எழுத்துல மாத்தி வச்சிரலாம், ஒரு கிளிக்தான். மனசு கேக்கல. சேர்கிட்ட போயி, இப்பிடி ஒண்ணு வந்திருக்கு சேர், ரெண்டு வரி பாத்துட்டேன், மன்னிச்சுக்கங்கன்னு சொன்னேன். அவரு கொஞ்ச நேரம் சன்னல் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தாரு, சரிம்மான்னாரு, அன்னைக்கு மத்தியானமே அந்த ரெண்டாவது அட்ரஸ தொடங்கிட்டாரு. எங்கம்மாகிட்ட கூட நான் அத பத்தி வாய தொறக்கல, மெடம் நல்லாகி அவங்களே சொல்ற வரைக்கும்.

முதலாளிமாருக்கு நான் சொல்ல வர்றது இதுதான். இன்பாக்ஸ குடுக்கிறது ஒரு நாள்ல முடியிற காரியம் இல்ல. பாதி பேரு குடுத்துட்டு திரும்பிப் பாக்க மாட்டாங்க, மீதி பேரு குடுத்துட்டு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் தானும் உள்ள வந்து பாத்து, எத யார் பாத்தது எதுக்கு யார் பதில் போட்டதுன்னு ஒருத்தருக்கும் தெரியாம ஆக்கிருவாங்க. எங்க சேர் மொத வாரம் பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு மெயிலுக்கும் வாய்விட்டு சொன்னாரு, இது நான் பாக்கணும், இது நீயே போடலாம், இந்த ஆளு தொடர்ந்து அனுப்புவாரு படிச்சா போதும்னு. நான் அத ஒரு கொப்பியில எழுதினேன். ரெண்டாவது வாரம் நான் பதில எழுதி அனுப்பாம டிராஃப்ட்ல வச்சேன், அவரு திருத்தினாரு, எத திருத்துறாருன்னு பாத்தே அவரு மனசு பிடிபட்டுச்சு, விருந்தாளிக்கு முடியாதுன்னு சொல்றப்ப கூட வேற எந்தத் தேதி இருக்குன்னு சேத்துத்தான் எழுதுவாரு. அதுக்கு அப்புறம்தான் ரூம் விசாரிக்கிற மெயிலுக்கு நானா பதில் போட ஆரம்பிச்சேன். லேபல் நாலே நாலுதான் வச்சிருக்கோம், இன்னைக்கே, சேர் மட்டும், பதிலுக்கு காத்திருக்கு, படிச்சா போதும். மொத மூணு மாசம் எதையும் அழிக்கவே இல்ல, ஆர்கைவ்ல ஒதுக்கி வைக்கிறது மட்டும்தான். இன்னைக்கும் காலையில பிளேன் டீ குடிக்கிற கால் மணி நேரம் அவரும் நானும் அந்த இன்பாக்ஸோட உக்காருவோம், அந்தக் கால் மணி நேரம் இல்லன்னா மத்ததெல்லாம் வீண்.

தப்பும் பண்ணியிருக்கேன். லைசன்ஸ் புதுப்பிக்கிறது சம்பந்தமா ஒரு அரசாங்க ஒபிஸ்ல இருந்து சிங்களத்துல வந்த மெயில நான் அவசரத்துல படிச்சா போதும்ல தள்ளிட்டேன், தேதி போயி தண்டப்பணம் கட்ட வேண்டியதா போச்சு. அவரு ஏசல. கொப்பிய எடு எழுதுன்னாரு, அரசாங்க மெயில் எந்த மொழியில வந்தாலும் அன்னைக்கே காட்டணும். அந்த வரி என் கையெழுத்துல இன்னும் இருக்கு.

ஆனா ஒரு ஆள் நிதானமா உக்காந்து மெயில பாக்கிறதால காப்பாத்துன காசும் இருக்கு. எங்களுக்கு லினன் அனுப்புற ஆள் பேருல ஒரு மெயில் வந்துச்சு, பேங்க் அக்கவுண்ட் மாறிருச்சு, இந்த மாச பில்ல புது நம்பருக்கு போடுங்கன்னு. பேரு சரி, பில் தொகை கூட சரி. ஈமெயில் அட்ரஸ்ல மட்டும் ஆர் என் ரெண்டையும் சேத்து எழுதி எம் மாதிரி காட்டியிருந்தாங்க, போன்ல பாத்திருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்காது. அந்த மெயில்ல இருந்த நம்பருக்கு பேசாம பழைய பில்லுல இருந்த நம்பருக்கு எடுத்துக் கேட்டேன், அவரு பதறிட்டாரு, நான் ஒண்ணும் மாத்தலம்மான்னு. எந்த ஊர்ல எந்தக் கம்பனியா இருந்தாலும் இதே வித்ததான் காட்டுறாங்க. அக்கவுண்ட் நம்பர் மாறுதுன்னு வர்ற எந்த மெயிலையும் பழைய நம்பருக்கு பேசாம நம்பாதீங்க.

இன்னொரு விஷயமும் எனக்கு பெருசாப் படுது. பதில் எழுதுறது நான்னா கீழ என் பேரு இருக்கணும். நான் எழுதினத சேர் எழுதின மாதிரி அனுப்புறது எனக்கு பிடிக்கல, அவருக்கும் பிடிக்கல. டெலிகேட்டா அனுப்பினா யார் அனுப்பினதுன்னு பாக்கிறவங்களுக்கு காட்ட முடியும், அத மறைக்காம விட்டிருக்கோம். வெளிநாட்டு விருந்தாளிங்க பாஸ்போர்ட் கொப்பிய மெயில்ல அனுப்புறாங்க, பிள்ளைங்களோட பாஸ்போர்ட் கூட. 2022ல 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம்னு நம்ம நாட்டுலயும் வந்திருக்கு, ஆனா சட்டத்துக்காக மட்டும் இல்ல, அந்த பாஸ்போர்ட்ட பாக்கிறது யார்னு அனுப்புறவங்களுக்கு தெரியிறது அவங்க உரிமைன்னு நான் நெனக்கிறேன்.

எங்க பக்கத்து பெத்தவங்க சில பேரு இத போன் பாக்கிற வேல, கொம்பியூட்டர் தட்டுற வேலன்னு சொல்றாங்க. மூணு மொழியிலயும் வாசிக்கத் தெரிஞ்ச புள்ளைங்க நம்மகிட்ட இருக்காங்க, வீட்டுல தமிழ், கடைத்தெருவுல சிங்களம், ஸ்கூல்ல இங்கிலீஷ்னு அதுக தானா படிச்சது. கொழும்புக்கு போயி போர்டிங்ல ஒரு ரூமுக்கு அஞ்சு பேரா கெடக்காம தலவாக்கலையில இருந்தே ஹட்டன்ல இருந்தே கொழும்பு முதலாளிக்கோ லண்டன் முதலாளிக்கோ இந்த வேலைய செய்யலாம், மழைக்கு கரண்ட் போறப்ப போன்ல டேட்டா இருந்தா சமாளிச்சுக்கலாம். வாய மூடத் தெரிஞ்சிருக்கணும், அது எங்க புள்ளைங்களுக்கு நல்லாவே தெரியும்.

அன்னைக்கு கடையில பாத்த தம்பிய நான் பஸ் ஸ்டேண்ட்ல பிடிச்சேன். அவன் கையில நல்ல போன் இருந்துச்சு, அதுலயே அவனோட மெயில போட்டுக் குடுத்து பாஸ்வேர்ட மாத்தச் சொல்லிட்டு நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டேன். பஸ் வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. கொமியுனிகேஷன் நடத்துற அண்ணன்மாருங்க தயவு செஞ்சு அந்தக் கொப்பிய எரிச்சிட்டு, வர்றவங்க போன்லயே மெயில போட்டுக் குடுங்க, அதுக்கு நூறு ரூபா வாங்குனா கூட யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

ஆசிரியர் அய்யா, உங்க பத்திரிகையில வாரத்துல ஒரு நாள் கால் பக்கம் ஒதுக்கி இந்த மாதிரி செட்டிங்ஸ்கள படத்தோட தமிழ்ல போட முடியுமான்னு பாருங்க. மொத வாரத்துக்கு டெலிகேட் போடுறத நானே எழுதித் தர்றேன், காசு ஒண்ணும் வேணாம்.

இப்படிக்கு,
கொட்டகலையிலிருந்து ஒரு வாசகி