சாயம் எங்கே போனது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொட்டாங்குச்சிக் கரி கழிவுநீரிலிருந்து 99 சதவீதச் சாயத்தை எடுத்துவிட்டதாக உங்கள் நாளிதழில் படித்தேன். நான் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இதே சோதனையை மாணவர்களுக்கு எத்தனையோ முறை செய்து காட்டியிருக்கிறேன். குடுவையில் மெத்திலீன் நீலம் என்ற சாயம் கரைந்த நீர், ஒரு ஸ்பூன் கரித்தூள், கொஞ்ச நேரம் குலுக்கல், அப்புறம் வடிதாள். கீழே நிறமே இல்லாத தண்ணீர் சொட்டும். பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

ஒருநாள் அந்த வடிதாளை எறியாமல், அமிலம் கலந்த எரிசாராயத்தை அதன்மேல் ஊற்றினேன். நீலம் மறுபடி வழிந்தது. சாயம் அழியவே இல்லை. கரியின் நுண்துளைகளில் ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அதைக் குப்பையில் போட்டால் நீரின் அழுக்கை மண்ணுக்கு மாற்றியதாகத்தானே ஆகும்? செய்தியில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அந்த 99 சதவீதமும் என்னை அசைக்கவில்லை. கரியை அள்ளிப் போட்டால் யாரும் அதை எட்டலாம். ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் சாயத்தைப் பிடித்தது என்பதுதான் கணக்கு. மெத்திலீன் நீலம் நேர்மின்னூட்டம் கொண்டது. பல கரிகளின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. அதனால் சுலபமாக ஒட்டும். நிஜக் கழிவுநீரில் பூச்சிக்கொல்லி, மருந்து எச்சம், மட்கிய பொருட்கள் எல்லாம் அதே துளைகளுக்குப் போட்டி போடும். பரீட்சையே வேறு.

கழிவிலிருந்து கரி செய்வதை நான் குறை சொல்லவில்லை. காற்றில்லாமல் சுட்டு, நீராவியோ பாஸ்பாரிக் அமிலமோ கொண்டு துளைகளைத் திறந்தால், ஒரு கிராமுக்குள் 1,000 சதுர மீட்டர் பரப்புகூடக் கிடைக்கும். கொட்டாங்குச்சி அதற்கு அருமையான பொருள். ஆனால் சாயம் பிடித்த கரியை ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸில் மறுபடி சுட்டுப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு எரிபொருள் செலவு உண்டு, ஒவ்வொரு முறையும் கரியும் கொஞ்சம் குறையும்.

சாயத்தை உடைத்தே போடும் வழியும் இருக்கிறது. உலோகம் உருக்கும் உலையில் மிஞ்சும் இரும்புள்ள கசடோடு ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்ப்பது அப்படி ஒன்று. 1894-இல் ஃபென்டன் என்ற வேதியியலாளர் எழுதிய வினைதான் அதற்கு அடிப்படை. அதிலும் நிறம் போனதை வைத்து முடிவுகட்டக் கூடாது. மொத்தக் கரிமக் கார்பன், அதாவது நீரில் மிஞ்சிய கரிமப் பொருட்களிலுள்ள கார்பன், குறைந்ததா, கசடிலிருந்து உலோகம் கசிந்ததா என்று அளந்தாக வேண்டும்.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், பயன்படுத்திய கரியை என்ன செய்தார்கள் என்று நிருபரை ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்