அம்மாவின் தொழில்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்து வளமாவூரில் கடற்பாசி வளர்ப்புக்கான பூங்கா பற்றிய செய்தியைப் படித்தேன். கடலில் முங்கிப் பாசி எடுப்பதை வேறு வழியற்றவர்களின் பிழைப்பு போல எழுதியிருந்தது உறுத்தியது. அது கைதேர்ந்த தொழில். அடுத்தவர் மதித்தால்தான் மதிப்பு என்றில்லை. என் அம்மா முப்பது வருடம் பாசி எடுத்தவர். விரல்களில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி முங்குவார். எந்தத் தீவருகே எந்தப் பாசி, எப்போது நீர் தெளியும் என்பதெல்லாம் அத்துபடி. இருந்தும் ஊர் என்ன சொல்லுமோ என்று, என் பள்ளிப் படிவத்தில் தாயின் தொழில் 'இல்லத்தரசி' என்றே எழுதச் சொன்னார். நானும் எழுதினேன், இப்போது கூசுகிறது.

சரி, பூங்காவில் பயிற்சி தர நிபுணர்கள் வரட்டும். அவர்களோடு சேர்த்து, அம்மாவைப் போல முங்கிப் பழகிய பெண்களையும் சம்பளத்துடன் பயிற்றுநர்களாக அமர்த்தலாமே.

- ஒரு வாசகி, பாம்பன்